ஆறாவது திரி

கவின் கண்ணா,

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் வகுப்புக்கு நடக்கிற வழியிலேயே கண்ணை ஓட்டிவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் படித்தாக வேண்டும். அதற்கு ஓர் இடத்தில் உட்கார வேண்டும். உட்கார். உன் அறைத்தோழன் சாப்பிடக் கூப்பிட்டால் அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிடு. அம்மா கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன். குறுக்கே பேச நீ எதிரில் இல்லை என்பது எனக்கு வசதிதான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. வாட்ஸ்அப்பில் முதலில் உனக்கு வரும், அப்புறம் இங்குள்ள தமிழ்ச் சங்கத்து மலரில் அச்சாகும். மலரைக் கவனிக்கிற யாழ்ப்பாணத்து ரஞ்சி அக்கா பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறார். ஐயோ மம், என்று நீ தலையில் கை வைப்பது இங்கிருந்தே தெரிகிறது. வைத்துக்கொள். உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, நான் வாயால் சொன்னால் அது அவர் காதில் ஏறாது, அதையே யாராவது அச்சடித்துக் கொடுத்தால் வேதவாக்கு. அவரும் படிக்கட்டும்.

உன்னைத் தெரியாத வாசகர்களுக்கு நான்கு வரி சொல்லிவிடுகிறேன். என் மகன் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்து, அங்கேயே மாசி என்கிற புறநகரில் வளர்ந்தவன். இப்போது அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் படித்துக்கொண்டு, அந்த ஊர் ஃபுட்பால் ஆடுகிறான். நமக்குத் தெரிந்த ஃபுட்பால் இல்லை அது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருவனை ஒருவன் இடித்துத் தள்ளுகிற ஆட்டம். இவன் அதில் பன்ட்டர். அணி மேற்கொண்டு போக வழியில்லாமல் முட்டி நிற்கும்போது இவனைக் கூப்பிடுவார்கள், ஓடிவந்து பந்தை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் உதைத்துவிட்டு ஓரமாகப் போய்விடுவான். ரக்பி பந்தில் பழகிய கால் என்று தேடிவந்து கூட்டிப்போனார்கள். இப்போது இரண்டு பெரிய கல்லூரிகள் இவனைக் கூப்பிடுகின்றன. ஒன்று, பல கல்லூரிகள் சேர்ந்து ஆடுகிற கான்ஃபரன்ஸில் இருக்கிறது. நம் பாஷையில் கூட்டணி. மற்றது எந்தக் கூட்டணியிலும் சேராமல் தனித்து நிற்கிற கல்லூரி. எதிராளிகளை அதுவே பேசிப் பிடித்து, ஆட்ட அட்டவணையை அதுவே போட்டுக்கொள்ளும். எதற்குப் போவது என்று இந்த வாரத்துக்குள் இவன் முடிவு சொல்ல வேண்டும்.

நீ போன் செய்து சொன்னாய், தனிக் கல்லூரிக்கே போகலாம் என்று இருக்கிறேன் என்று. ஏன் என்று கேட்டேன். பயிற்சியாளர் நல்லவரா, படிப்பு நல்லதா, ஊர் பிடித்திருக்கிறதா என்று ஏதாவது சொல்வாய் என்று பார்த்தால், நீ சொன்னது ஒரே வாக்கியம். "டாட் வில் பி ஸ்டோக்ட், மம்." அப்பா குளிர்ந்துபோய்விடுவார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு நீ சாப்பாட்டைப் பற்றியும் பனியைப் பற்றியும் பேசினாய், நானும் ம் கொட்டினேன். ஆனால் போனை வைத்த நிமிஷத்திலிருந்து அந்த ஒரு வாக்கியம் எனக்கு மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. அதை எடுத்துப் போடத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இந்த ஆட்டம் தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதே. உங்கள் ஊர் சனிக்கிழமை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. நீ போன நாளிலிருந்து இந்த வீட்டில் ஞாயிறு காலை இட்லியும் அமெரிக்க ஃபுட்பாலும்தான். உன் அப்பா சோபாவில் ஒரு பக்கம், நான் சட்னிக் கிண்ணத்தோடு மறுபக்கம். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் விழுகிறார்கள், எழுந்திருக்கிறார்கள், விசில் அடிக்கிறது, விளம்பரம் வருகிறது. அப்புறம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. மதுரைக்காரிக்குக் கூட்டணிக் கணக்குப் புரியாமல் போகுமா? யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் போன வருஷக் கூட்டணியை விட்டுவிட்டு இந்த வருஷம் அந்தப் பக்கம் தாவினார்கள், இதெல்லாம் நான் சின்ன வயதிலிருந்து டீக்கடை வாசலில் கேட்டு வளர்ந்த சங்கதி. உன் அப்பாவை விட எனக்குத்தான் அது சீக்கிரம் புரிந்தது. அவர் ஒத்துக்கொள்ளமாட்டார், விடு.

உன் அப்பாவுக்குத் தனித்து நிற்கிறவர்கள்மேல் ஏன் இவ்வளவு பிரியம் என்பதைப் பாதிக் கதையாகத்தான் நீ கேட்டிருக்கிறாய். முழுசாகச் சொல்கிறேன். நாங்கள் இங்கே வந்த புதிதில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினோம். ஹென்டர்சனில் ஒரு வீட்டுக் கராஜில், காரை வெளியே தள்ளிவிட்டுக் கூட்டம் போடுவோம். மதுரை, யாழ்ப்பாணம், ஈப்போ, எல்லா ஊர்த் தமிழும் அந்தக் கராஜில் ஒரே நேரத்தில் சத்தம் போடும். முதல் பொங்கல் விழாவுக்கு ஒரு பள்ளிக்கூட ஹாலை எடுத்தார்கள். குத்துவிளக்கு வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் இங்கே விளக்குக்கு எங்கே போவது? என் கல்யாணச் சீரில் வந்த விளக்கு இருந்தது, சேலைகளுக்கு நடுவில் சுற்றி, விமான நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்தது. அதைக் கொடுத்தேன். உன் அப்பா முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தார். தங்கம் மாதிரி இருந்தது.

விளக்கேற்ற ஆறு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். யாருக்கும் மனசு நோகக் கூடாது, முன்னே பின்னே என்று பேச்சு வரக் கூடாது என்று, ஆங்கில எழுத்து வரிசைப்படி பெயரைக் கூப்பிட ஏற்பாடு. எவ்வளவு நியாயம் பார்த்திருக்கிறார்கள் பார்! இத்தனையும் யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. குத்துவிளக்குக்கு ஐந்து முகம்தான். உன் அப்பா பெயர் வி-யில் தொடங்குகிறது. ஐந்து பேர் ஐந்து முகத்தையும் ஏற்றி முடித்தார்கள், கீழே கைதட்டல். உன் அப்பா கையில் மெழுகுவர்த்தியோடு விளக்கின் முன்னால் நிற்கிறார். ஏற்றுவதற்கு முகம் இல்லை. மைக் பிடித்தவர் அதைக் கவனிக்காமல், "அடுத்து தமிழ்த்தாய் வாழ்த்து" என்று அறிவித்துவிட்டார். வாழ்த்து முடிகிறவரை மெழுகு அவர் விரலில் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் வலிக்காதா?

அன்றைக்கு விழா முடிந்ததும் ஒரு பூவை எடுத்துத் திரியை ஒவ்வொன்றாக எண்ணெய்க்குள் தள்ளிக் குளிரவைத்தார். விளக்கை என் துண்டில் சுற்றினார், காரில் வைத்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் எந்தச் சங்கத்திலும் அவர் உறுப்பினர் இல்லை. அந்தச் சங்கம் பிற்பாடு இரண்டானது, மேற்குப் பக்கத்துக்கு ஒன்று, த்ரீ கிங்ஸ் பக்கத்துக்கு ஒன்று. இரண்டிலிருந்தும் வந்து கூப்பிட்டார்கள். "நமக்கெதுக்குங்க கூட்டணி? நாம நம்ம பாட்டுக்கு இருப்போம்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் இரண்டு சங்கத்துக்கும் நம் விளக்கு வேண்டும். பொங்கலுக்கு ஒருத்தர், தீபாவளிக்கு இன்னொருத்தர் வந்து வாங்கிப்போவார்கள். நமக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுவார்கள், சால்வைகூடப் போர்த்துவார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இரண்டு வீட்டுக்கும் வேண்டிய சம்பந்தியாக இருப்பதில் ஒரு மிதப்பு உண்டல்லவா? ஆனால் ஒரு முடிவு எடுக்கிற கூட்டத்துக்கு நம்மை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட அவர்களுக்கு வழியும் இல்லை. நாம் யாராக அங்கே போய் உட்காருவது?

நீ உயர்நிலைப் பள்ளிக்குப் போன சமயத்தில் இரண்டு சங்கமும் சேர்ந்து விளையாட்டு விழா நடத்தின, ஞாபகம் இருக்கிறதா? டச் ரக்பி, இடித்துத் தள்ளாமல் கையால் தொட்டாலே போதும் என்கிற ரக்பி. முந்தி இரண்டே அணிதான், அந்த வருஷம் ஆக்லாந்து முழுக்க இருந்து அணிகளைச் சேர்த்து, கால் இறுதி அரை இறுதி எல்லாம் வைத்துப் பெரிசாக நடத்தினார்கள். காலையில் இந்த அணிக்கு ஓர் ஆள் குறைந்தது, நீ ஆடினாய். மத்தியானம் அந்த அணிக்கு ஓர் ஆள் குறைந்தது, அங்கேயும் ஆடினாய். "உங்கட பெடியன் என்ன மாதிரி ஓடுறான்!" என்று ரஞ்சி அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். இறுதி ஆட்டத்துக்கு அந்த இரண்டு அணியுமே வந்தன. அப்போதுதான் விதியைப் பார்த்தார்கள், இறுதியில் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும். இரண்டு பக்கமும் உனக்காக வருத்தப்பட்டார்கள், இரண்டு பக்கமும் உன்னைச் சேர்க்க முடியவில்லை. "இட்ஸ் ஃபைன், மம்" என்றாய். 

மறுநாளிலிருந்து மாசியில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பார்க்கில் தனியாக உதைக்க ஆரம்பித்தாய். மழையோ வெயிலோ, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய். உன் கால் அங்கேதான் விளைந்தது. அதற்காக நான் அந்த விளையாட்டு விழாவுக்கு நன்றி சொல்லமாட்டேன். பிள்ளைக்கு நேர்ந்த கசப்பில் ஒரு நல்லது விளைந்துவிட்டது என்பதற்காகக் கசப்பைக் கும்பிட என்னால் முடியாது. ஆனால் அங்கேதான் உனக்கு ஒரு தப்பான பாடமும் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். தனியாக நிற்பதுதான் பெருமை, அப்பாவைப் போல, என்று.

இப்போது உன் ஆட்டத்துக்கு வருகிறேன். முந்தி கடைசிப் போட்டிகளுக்கு நாலே நாலு கல்லூரிகளைத்தான் எடுத்தார்கள், இப்போது பன்னிரண்டு என்கிறார்கள், இன்னும் கூட்டலாமா என்றும் பேச்சு ஓடுகிறது. உன் அப்பா இதைப் பிடித்துக்கொண்டார். "இடம் பெருகிருச்சுல்ல? இனி எவன் தயவும் வேணாம். நல்லா ஆடுனா கூப்பிட்டுத்தான் ஆகணும்" என்றார். நான் விடவில்லை. "என்னங்க, இலை கூடுதலாப் போட்டா மட்டும் ஆச்சா? அதுல பாதி இலை மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்காங்களே, அதைப் பாத்தீங்களா?" என்றேன். அதுதான் விஷயம், கண்ணா. கூட்டணிகளில் ஜெயித்து வருகிறவர்களுக்கென்று சில இடங்கள் எப்போதும் உண்டு. தனிக் கல்லூரிக்கு அந்த இலை கிடையாது, எவ்வளவு நன்றாக ஆடினாலும் கிடையாது. மிச்ச இடங்களுக்கு ஓர் அறைக்குள் சிலர் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். கூட்டணிக்காரர்கள் கடைசி வாரத்தில் தங்களுக்குள் மோதிக்கொள்ளும்போது தனிக் கல்லூரி வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கும். "ரெஸ்ட் எடுத்துக்குவாங்க" என்றார் உன் அப்பா. நமக்கும் அப்படி எத்தனையோ ரெஸ்ட் கிடைத்திருக்கிறது, சங்கக் கூட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானமெல்லாம்.

நியாயமாகவும் பேச வேண்டும். தனித்து நிற்பதில் சுகமும் உண்டு. தன் எதிரியைத் தானே தேர்ந்தெடுக்கலாம், நாடு முழுக்கப் போய் ஆடலாம், வருகிற வருமானத்தை யாரோடும் பங்கு போட வேண்டாம், யாருக்கும் தலையாட்ட வேண்டாம். இடம் பன்னிரண்டானதில் அவர்களுக்கும் லாபம்தான், முந்தி மாதிரி ஒரே தோல்வியில் எல்லாம் போய்விடாது. நீ ஆரம்பத்திலேயே ஓங்கி அடிக்கிற பிள்ளையாக இருந்தால் நான் இத்தனை வரி எழுதியிருக்கவேமாட்டேன், போய் வா என்று திருநீறு பூசி அனுப்பியிருப்பேன்.

ஆனால் நீ அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது முதல் பருவம் முழுக்க வாயையே திறக்கவில்லை, டீச்சர் என்னைக் கூப்பிட்டு இவனுக்குக் காது கேட்கிறதா என்று கேட்டார். வருஷக் கடைசியில் அதே டீச்சர், இவனைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றார். நீச்சல் வகுப்பில் குளத்தின் ஓரத்துக் கம்பியை விடவே உனக்கு அவ்வளவு நாள் ஆயிற்று, அப்புறம் உன்னைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பது பெரும்பாடானது. அமெரிக்காவுக்குப் போன புதிதில் நீ உதைத்த பந்து பக்கவாட்டில் போய் உங்கள் ஆட்களின் தண்ணீர்ப் போத்தல்கள்மேலேயே விழுந்ததை நானும் பார்த்தேன். "கேமராவை அந்தப் பக்கம் திருப்புங்கடா பாவிகளா" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். குளிர் வந்த பிறகு நீ உதைத்த பந்துகளைத்தான் இப்போது பெரிய கல்லூரிக்காரர்கள் பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிடுகிறார்கள். நீ தாமதமாகச் சூடேறுகிற அடுப்பு, கவின். சூடேறிவிட்டால் யாரும் அணைக்க முடியாது. அதனால்தான் உனக்கு நான் கூட்டணிக் கல்லூரியைச் சொல்கிறேன். அங்கே ஆரம்பத்தில் இரண்டு ஆட்டம் சறுக்கினாலும், பிற்பாடு நிமிர்ந்து கூட்டணிக்குள் ஜெயித்துவிட்டால் கதவு தானாகத் திறக்கும், யாரும் அறைக்குள் உட்கார்ந்து உன்னைப் பற்றி முடிவு செய்ய வேண்டியதில்லை. தனிக் கல்லூரியில் ஆரம்பத்துச் சறுக்கலைக் கடைசிவரை நினைவு வைத்திருப்பார்கள். அதை அழிப்பதற்கு அங்கே ஓர் ஆட்டம் கிடையாது.

நீ ஆசைப்படுகிற அதே கல்லூரிக்குப் போன மாதம் என்ன ஆயிற்று என்று பார்த்தாய் அல்லவா? பட்டியல் அறிவித்தபோது எங்களுக்குத் திங்கட்கிழமை காலை. உன் அப்பா ஆபீசுக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். உன் வருங்காலக் கல்லூரி என்று அப்போதே மனசில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். கடைசிப் பெயரும் வந்தது, அவர்கள் பெயர் வரவில்லை. அந்தப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைக் காட்டினார்கள், யாரும் அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. உன் அப்பா டிவியை அணைத்தார். புல் வெட்டுகிற மெஷினை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். முந்தின நாள்தான் வெட்டிய புல் அது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கு அவர் விரலில் மெழுகு சொட்டியது ஞாபகம் வந்தது. என் பிள்ளை அந்த வரிசையில் உட்காரக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்தால் போதுமா? ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு நான் வெளியே நிற்கலாமா? இந்த வருஷம் இரண்டு சங்கமும் சேர்ந்து த்ரீ கிங்ஸில் பொங்கல் வைப்பதாக ரஞ்சி அக்கா போன் செய்தார்.

"தங்கச்சி, விளக்கு வேணும். நீங்களும் அவரும் கட்டாயம் வரோணும், முன் வரிசை வச்சிருக்கிறம்."

"விளக்கு வரும் அக்கா. ஆனா நான் விருந்தாளியா வரல. என்னை உறுப்பினராச் சேத்துக்கோங்க."

 "அவர் என்ன சொல்லுவார்?" என்று கேட்டார்.

"அவர் சொல்றத நான் கேட்டுக்கிறேன். நீங்க என் பேரை எழுதுங்க."

"ஓம், அப்ப எழுதுறன். பிறகு என்னோட வந்து சண்டை பிடிக்கக் கூடாது எண்டு அவரிட்டச் சொல்லிவையுங்கோ."

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். உன் அப்பா ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "கூட்டணி வச்சுட்டியா?" என்று கேட்டார். "ஆமா, வச்சுட்டேன்" என்றேன்.  வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் புளியோடு உட்கார்ந்து விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு திரி உருட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வித்தையையாவது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை விழா. ஹாலைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் வழக்கம்போலத் தீயணைக்கும் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றார். விளக்கேற்ற ஒரு சங்கத்திலிருந்து மூன்று பேர், இன்னொரு சங்கத்திலிருந்து மூன்று பேர். சரி சமம், நியாயம்.  மூன்றும் மூன்றும் எத்தனை? இத்தனை வருஷம் ஆகியும் இந்த ஊரில் ஒருத்தருக்கும் விளக்கின் முகத்தை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை! ஐந்து பேர் ஏற்றி முடித்தார்கள். ஆறாவதாக நின்றது, போன வருஷம்தான் திருச்சியிலிருந்து வந்த ஒரு நர்ஸ் பெண். பட்டுப் புடவை, கையில் மெழுகுவர்த்தி. விளக்கைப் பார்க்கிறாள், ரஞ்சி அக்காவைப் பார்க்கிறாள், முகம் சுருங்கிக்கொண்டே வருகிறது. மைக் பிடித்தவர் தொண்டையைக் கனைக்கிறார்.

என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் உன் அப்பா மேடை ஏறிவிட்டார். வாழ்த்துப் பாட நின்றவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு திரியை எடுத்தார். எண்ணெயில் நனைத்து, முதல் முகத்தில் எரிகிற திரிக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்தார்.

"இதை ஏத்தும்மா."

"இந்த முகத்துல ஏற்கெனவே எரியுதே, அங்கிள்."

"எரிஞ்சா என்ன? ரெண்டு திரி தாங்காதா ஒரு முகம்? ஏத்து."

அவள் ஏற்றினாள். கைதட்டல் ஹாலை நிறைத்தது, சிலிண்டர் பெரியவர்கூடத் தட்டினார். ரஞ்சி அக்கா மேடையிலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் கராஜ் கூட்டத்திலிருந்து கூட இருந்தவர் அவர், அவருக்கு எல்லாம் தெரியும். நான் அழவில்லை. வெறும் கோபம்தான் வந்தது எனக்கு. அந்த மனுஷன் வெள்ளிக்கிழமையே ஆறாவது திரியை உருட்டிப் பைக்குள் வைத்திருக்கிறார். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எத்தனை வருஷமாக அவருக்குத் தெரியும்? ஒரு பஞ்சுத் திரியில் தீர்கிற காரியத்துக்காகவா நாங்கள் இத்தனை பொங்கல் விருந்தாளியாக உட்கார்ந்தோம்? ஆனால் அந்தப் பெண் சிரித்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். உன் முதல் நல்ல உதையைப் பார்த்தபோது இருந்த முகம். கோபத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். சமயம் வரும்போது எடுத்துக்கொள்வேன்.

இனி நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கூட்டணிக் கல்லூரிக்குப் போ. அதுதான் என் வாக்கு, அதில் மாற்றமில்லை. ஆனால் கால் உன்னுடையது, முடிவும் உன்னுடையது. எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து, எனக்குத் தனியாக நிற்கத்தான் பிடித்திருக்கிறது மம், அந்த மைதானம், அந்தப் பயிற்சியாளர், அந்தச் சட்டை எனக்கு வேண்டும் என்று நீ சொன்னால், சரி, ஞாயிறு காலை இட்லியோடு அந்தச் சட்டைக்காகவே கத்துகிறேன். உனக்காகத் தனியாக நில். அப்பாவைக் குளிரவைப்பதற்காக நிற்காதே. யாருக்காகவோ தனியாக நிற்கிறவன் பட்டியல் வாசிக்கும்போது இரண்டு பேருக்காக வலி தாங்க வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு. ஆங்கிலத்திலேயே பேசு, பரவாயில்லை.

அவர் என்ன சொல்வார் என்று உனக்கு யோசனையாக இருக்கும். சனிக்கிழமை விழா முடிந்து விளக்கைப் பின் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். மோட்டார்வேயில் ஏறினதும், "பையன் என்ன முடிவு பண்ணான்?" என்று கேட்டார். "தனிக் காலேஜுக்குத்தான் போறானாம். நீங்க குளிர்ந்துபோயிடுவீங்களாம்" என்றேன்.  மாசிக்கு இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நேராகப் போய்க்கொண்டிருந்தார்.  அடுத்த இறக்கத்தில் இறங்கி, பால், ரொட்டி விற்கிற ஒரு டெய்ரி கடை வாசலில் காரை நிறுத்தினார்.

"எனக்காகவா போறான்?"

"பின்ன யாருக்காக? நீங்க தனியா நின்னீங்க, அதனால அவனும் நிக்கணுமாம். பார்க்குல தனியாத்தானே உதைச்சுப் பழகினேன்னு நினைப்பு அவனுக்கு."

உன் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். ஒவ்வொரு சாயங்காலமும் ஆபீஸ் சட்டையோடு அந்தப் பார்க்கின் மறுகோடிக்கு நடந்து போனவர், சேற்றில் சறுக்கி விழுந்து எழுந்தவர், இருட்டிப் பந்து தெரியாமல் போகிறவரை நின்றவர், என் பக்கம் திரும்பினார்.

"அவன் என்னைக்குடி தனியா உதைச்சான்? அந்தப் பக்கம் பந்தைப் பொறுக்கிப் போட்டுக்கிட்டு நான் நின்னேன்ல?"

இங்கே எண்ணெய்ப் பிசுக்குப் போக விளக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிற,
உன் அம்மா